சுவருக்கு இந்தப் பக்கம் சம்பந்தியம்மா

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள திரியெஸ்தே துறைமுகத்தில் பழைய கலங்கரை விளக்கத்தை ஒட்டி ஒரு குளியல்துறை உண்டு. பெடொச்சின் என்பார்கள். கரையை இரண்டாக வெட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கும் மேலான வெள்ளைச் சுவர் ஒன்று கடலுக்குள் இறங்கும். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். ஏன் இப்படி என்று ஊருக்குள் யாரும் கேட்பதில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால், "நிம்மதிக்குத்தான்" என்று பதில் வரும். அந்தச் சுவரின் தலைமாட்டில் இருக்கும் டிக்கெட் கூண்டில் நெரீனா கொஸ்ஸோவிச் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

உட்கார்ந்திருந்தாள் என்பது பேச்சுக்குச் சொல்வது. உண்மையில் ஆட்சி நடத்தினாள். பன்னிரண்டு வயதுவரை பையன்கள் தாயோடு பெண்கள் பக்கம் போகலாம் என்பது அங்கே சட்டம். மீசை அரும்பிய பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவனுக்குப் பதினொண்ணுதான்" என்று சாதிக்கிற தாய்மார்கள் எல்லா வருஷமும் உண்டு. நெரீனா வாதாட மாட்டாள். பையனைக் கூப்பிட்டு, "தம்பி, உள்ள போனதும் எந்தப் பக்கம் பாப்ப?" என்று கேட்பாள். பையன் காது சிவந்தால் ஆண்கள் பக்கம். சிவக்காவிட்டால் தாயோடு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து யாரும் மேல்முறையீட்டுக்குப் போனதில்லை.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வாள். கிறிஸ்துமஸ் விருந்து ஆகஸ்டிலேயே முடிவாகிவிடும். படுக்கையில் கிடந்த தன் அத்தையின் சவ அடக்கத்துக்கு அத்தையிடமே கேட்டுப் பூவெல்லாம் தேர்ந்தெடுத்து வைத்தாள். அத்தை அந்தச் சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்து இன்னும் ஆறு வருஷம் இருந்துவிட்டுப் போனாள். புருஷன் லிவியோ இதிலெல்லாம் தலையிடுவதில்லை. துறைமுக இழுவைப் படகின் எஞ்சின் அறையில் வாழ்நாளைக் கழித்தவர். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் ஒரு சொல், மாலையில் ஒரு சொல்.

அவர்களுடைய ஒரே மகன் தனீலோவுக்குத் தெற்கே நேப்பிள்ஸில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே ஃபோர்த்தூனா என்ற பெண்ணைப் பார்த்துப் பிடித்து, செப்டம்பரில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. வசந்தம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் போன் வந்தது.

"அம்மா, ஃபோர்த்தூனாவோட அப்பா அம்மா ஜூன்ல அங்க வர்றாங்க. ஒரு வாரம் இருப்பாங்க. நம்ம ஊரப் பாக்கணுமாம்."

"தாராளமா வரட்டும். நல்ல மனுஷங்களா?"

"ரொம்ப. ஆனா கொஞ்சம் வேற மாதிரி. கலாச்சாரம், சாப்பாடு, இதுலல்லாம் ரொம்ப ரசனை உள்ளவங்க. அவர் உணவுத் துறையில பெரிய ஆள்."

"எவ்வளவு பெரிய ஆள்?"

"நேப்பிள்ஸ்ல பாதிப் பேருக்கு அவரத் தெரியும்." குரலைத் தாழ்த்தினான். "அப்புறம் இன்னொண்ணும்மா. நீ நகராட்சியில கடல்சார் கலாச்சாரப் பிரிவுல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நெரீனா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"டேய்."

"நகராட்சிதானே உனக்குச் சம்பளம் குடுக்குது? கடல் பக்கத்துலதானே உக்காந்திருக்க?"

"கலாச்சாரம்?"

"சுவர்."

நெரீனா கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கோபம் வரவில்லை. மகன் அந்தக் குளியல்துறைக்கு வருவதை எப்போது நிறுத்தினான் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பையன்கள், "உங்கம்மா அரை நிர்வாணப் பொம்பளைங்களுக்கு டிக்கெட் விக்கிறாங்களாமே" என்று கேலி செய்த வருஷம் அது. அதற்குப் பிறகு அவன் குளிக்கப் பஸ் ஏறி வேறு கடற்கரைக்குப் போனான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. "சரிடா, கலாச்சாரப் பிரிவுன்னா கலாச்சாரப் பிரிவு" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. காகிதத்துக்கு அவள் வீட்டில் பஞ்சமில்லை. வீணாய்ப் போன டிக்கெட் சுருள் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஒரு வாரத்தையும் எழுதத் தொடங்கினாள். எழுத எழுதச் சுருள் மேசையிலிருந்து இறங்கித் தரையில் ஓடியது. முதல் நாள் காபிக்கடையும் மிராமாரே கோட்டையும். மறுநாள் அருங்காட்சியகம், பகலில் பன்றியிறைச்சிக் கடை. அப்புறம் பாதாளக் குகை. அப்புறம் செர்பியக் கோயில், யூதக் கோயில், மலைமேல் உள்ள பேராலயம். ஓப்பராவுக்கு ஓரிரவு. ஊருக்கு மேலே கார்ஸ்ட் என்கிற சுண்ணாம்புக்கல் மேட்டில், வாசலில் தழைக்கொத்து கட்டித் தங்கள் சொந்த ஒயினையும் ஹாமையும் விற்கிற குடியானவர் வீடுகளுக்கு ஒரு பகல். ஒவ்வொரு வேளைக்கும் என்ன சாப்பாடு, அதற்கு என்ன ஒயின், யார் யாருக்கு அடுத்து உட்காருவது என்பது வரைக்கும்.

லிவியோ சுருளை முழங்காலில் வைத்து முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் அன்றைய மாலைச் சொல்லைச் செலவழித்தார்.

"கடல்?"

"கடலா? அது கோட்டையிலேருந்தே நல்லாத் தெரியும்" என்றாள் நெரீனா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் ரயிலைவிட்டு இறங்கினார்கள். ஃபோர்த்தூனாவின் அப்பா கத்தேல்லோ குள்ளம், உயரத்துக்கு ஈடாக அகலம். அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு. கையில் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி. அதில் நேப்பிள்ஸ் காபிக் குடுவை, நேப்பிள்ஸ் காபித்தூள், எதற்கும் இருக்கட்டும் என்று நேப்பிள்ஸ் தண்ணீர் நான்கு பாட்டில். அவர் மனைவி இம்மா கூர்மையான மூக்கு வைத்த புதுச் செருப்புப் போட்டிருந்தாள். அது அவள் காலைக் கடிக்கிறது என்பது அவள் சிரிப்பிலேயே தெரிந்தது. கலாச்சார அதிகாரியின் முன்னால் வாய் தவறக் கூடாது என்று ரயிலில் மனப்பாடம் பண்ணி வந்ததை இறங்கியதும் ஒப்பித்தாள்.

"சம்பந்தியம்மா, ஆஸ்திரியச் சக்கரவர்த்தி காலத்துல இது சுங்கவரி இல்லாத துறைமுகமா இருந்திச்சாமே."

நெரீனாவுக்கு அது பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த விஷயம். "ஆமாமா, இப்பத்தான் எல்லாத்துக்கும் வரி போட்டுட்டாங்க" என்று சமாளித்தாள்.

திங்கட்கிழமை காலை, கடலைப் பார்த்த பெரிய சதுக்கத்தில் சிவப்பு மெத்தை போட்ட காபிக்கடை. கத்தேல்லோ பரிசாரகனிடம் ஒரே சொல்லில் கேட்டார்.

"காபி."

"கறுப்பு நேரோவா, பால் விட்ட காப்போவா?" என்றான் அவன்.

"காபிப்பா."

"காப்போன்னா கப்லயா, கிளாஸ்லயா? கிளாஸ்லன்னா நுரை வேணுமா, வேண்டாமா? தண்ணி கூடுதலா விடணுமா? காஃபின் எடுத்ததா, எடுக்காததா?"

கத்தேல்லோ மனைவி பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில், "ஏட்டி, காபி கேட்டா இங்கன பரீட்சை வைக்கானே, நான் பாஸாவேனா?" என்றார். அதற்குள் நெரீனா கணீரென்று எல்லாருக்கும் சேர்த்து உத்தரவு கொடுத்துவிட்டாள். வந்தது கட்டைவிரல் உயரக் கண்ணாடி கிளாஸில் ஒரு வாய். கத்தேல்லோ அதைக் குடித்துவிட்டு, மரியாதைக்காகக் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். உணவுத் துறை நிபுணர் எடை போடுகிறார் என்று நெரீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தங்குமிடத்தில் பெட்டிக்குள் இருக்கும் குடுவையைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கோட்டையில் அறை அறையாக நடந்தார்கள். இளவரசர் படுத்த கட்டில், இளவரசி மூக்குப்பொடி வைத்த பெட்டி. விருந்து மண்டபத்தில் வெள்ளித் தட்டுகள் அடுக்கிய நீண்ட மேசையின் முன்னால் கத்தேல்லோ நின்றுவிட்டார். "எல்லாஞ் சரி. சமையக்கட்டு எங்க? அதக் காட்டலியே" என்று காவலாளியிடம் கேட்டார். காவலாளிக்குத் தெரியவில்லை. இம்மா வாசல்தோறும் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி நின்றாள். அதைக் கட்டட வேலைப்பாட்டின் மீதுள்ள பிரமிப்பு என்று நெரீனா எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அருங்காட்சியகத்தை முடித்துக்கொண்டு பன்றியிறைச்சிக் கடைக்குப் போனார்கள். திரியெஸ்தேக்காரனுக்கு அது கோயில் மாதிரி. நுழைந்தவுடனேயே ஆவி பறக்கிற பெரிய கொப்பரை, அதில் நாக்கும் தொடையும் தொத்திறைச்சியும் மிதக்கும். பக்கத்தில் புளித்த முட்டைக்கோஸ். தட்டு வந்தது. கத்தேல்லோ முட்டைக்கோஸை ஒரு வாய் வைத்தார், மெல்லுவதை நிறுத்தினார்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்கிடாதீக. இது... ஊசிப்போயிருச்சோ?"

"இல்ல, அதோட குணமே அதுதான்."

இறைச்சியின் மேல் தூவிக்கொள்ள ஒரு கிண்ணத்தில் வெள்ளையாகத் துருவி வைத்திருந்தார்கள். புளிப்பிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்த சந்தோஷத்தில் கத்தேல்லோ கிண்ணத்தை இழுத்தார். நேப்பிள்ஸ்காரனுக்கு வெள்ளைத் துருவல் என்றால் பாலாடைக்கட்டிதான். ஒரு கைப்பிடி அள்ளித் தட்டில் மலைபோல் கொட்டி, கரண்டி நிறைய எடுத்து வாயில் போட்டார். "ஐயோ அது கிரென்!" என்று நெரீனா கத்துவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கிரென் என்பது ஒரு கிழங்கு. கடுகையும் மிளகையும் கூட்டிவைத்து நேரே மூக்கு வழியாக மண்டைக்குள் ஏற்றியது மாதிரி இருக்கும். ஊர்க்காரர்களே கிள்ளித்தான் போடுவார்கள்.

கத்தேல்லோவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு ஊதா நிறம் கண்டது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. குரல் போய்விட்டது. பக்கத்து மேசைக்காரர் எழுந்துவந்து முதுகில் தட்டி, "சாவு வீடா?" என்று நெரீனாவிடம் பரிவோடு விசாரித்தார். லிவியோ ஒன்றும் பேசாமல் ரொட்டியைப் பிய்த்து சம்பந்தியின் வாயில் திணித்தார், அதுதான் மருந்து.

வெளியே வந்து பார்த்தால் இம்மாவைக் காணோம். பக்கத்துக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு இரண்டும் பக்கத்தில் கிடந்தன. குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. நெரீனாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்கிடாதீக சம்பந்தியம்மா. எல்லாம் ரொம்ப அழகா இருக்கு. நீங்க எவ்வளவு பாடுபட்டு ஏற்பாடு செஞ்சிருக்கீக. ஆனா கடலு இவ்வளவு பக்கத்துல கிடக்கு... செத்த நேரம் கால நனைக்க ஒரு இடம் கிடையாதா?"

"இங்க கடல் அவ்வளவு நல்லதில்ல" என்றாள் நெரீனா. சொல்லும்போதே அவளுக்கு நாக்கு கூசியது.

நால்வரும் பஸ் ஏறினார்கள். ஏறி ஒரு நிறுத்தம்கூடப் போகவில்லை. முன்வாசல் வழியாகக் குளியல்துறையின் நெடுநாள் வாடிக்கைக்காரி எக்லே ஏறினாள். துண்டும் கூடையும் தொப்பியுமாக, பனிக்காலத்தில்கூடக் குளிக்கத் தவறாதவள். நெரீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயனில்லை.

"நெரீனா! நல்ல வேள பாத்தேன். நீ லீவுல போனதும் போன, உன் டிக்கெட் கூண்டுல ஒருத்தியப் போட்டிருக்காங்களே, அவளுக்குச் சில்லறையே எண்ணத் தெரியலடி! நேத்து தாடி வச்ச ஒருத்தன பொம்பளைங்க பக்கம் அனுப்பப் பாத்தா! எப்ப வந்து கூண்டுல உக்காரப் போற?"

பஸ் முழுவதும் கேட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள் நெரீனா. கத்தேல்லோ எதுவோ கேட்க வாயைத் திறந்தார். குரல் இன்னும் திரும்பவில்லை. இம்மாதான் மெதுவாகக் கேட்டாள்.

"டிக்கெட் கூண்டா?"

"ஆமா" என்றாள் நெரீனா. "கலாச்சாரப் பிரிவெல்லாம் இல்ல. குளியல்துறையில டிக்கெட் குடுக்கிறவ நான். என் மகன் சொன்னான், நானும் சரின்னுட்டேன்."

இம்மாவின் முகம் மாறியது. கோபம்தான், ஆனால் வேறு கோபம்.

"அப்ப குளிக்க இடம் இருக்கு! இல்லேன்னுல்ல சொன்னீக! எந்தப் பஸ்ஸு போவும்?"

"இதேதான்."

"அப்ப எதுக்கு இறங்கப் போறோம்? உக்காருங்க எல்லாரும்."

கூண்டுக்கு முன்னால் வந்து நின்றபோது கத்தேல்லோவுக்குக் குரல் கரகரவென்று திரும்பிவிட்டது. முதலில் அவர் கேட்டது, "சம்பந்தியம்மா, உங்க மவன் என்னப் பத்தி என்ன சொல்லி வச்சான்?"

"உணவுத் துறையில பெரிய ஆள்னு."

கத்தேல்லோ வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் தெருவுல வண்டி போட்டு பேய்க்கணவாய்ச் சாறு விக்கிறவன். எட்டுக்கால் கணவாய வேகவச்ச தண்ணி, மிளகு போட்டு கிளாஸ்ல ஊத்தி, ஒரு கால் துண்ட மேல போட்டுக் குடுப்பேன். எங்கப்பன் வித்தான், நானும் விக்கேன். உங்க காபிக்கடையில நேத்து கண்ண மூடினேனே, எதுக்குன்னு நினைச்சீக? எங்க ஊருக் காபிக் குடுவைய நினைச்சுக்கிட்டுத்தான்!"

நெரீனாவும் சிரித்துவிட்டாள். ஆனால் சுவரைப் பார்த்ததும் கத்தேல்லோவின் சிரிப்பு நின்றது.

"இது என்னவே கூத்து? நான் அந்தப் பக்கம், எம் பொண்டாட்டி இந்தப் பக்கமா? கல்யாணமான நாள்லேருந்து இவள விட்டுத் தனியா நான் ஒரு வேள சோறு தின்னதில்ல. காசு குடுத்துப் பிரிஞ்சு உக்காரணுமா? ஏட்டி இம்மா, வா போவோம்."

இம்மா எப்போதோ பெண்கள் வாசலுக்குள் போய்விட்டிருந்தாள். செருப்பு மட்டும் கூண்டின் ஓரத்தில் கிடந்தது.

பெண்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று ஆண்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. கூழாங்கல்லில் துண்டை விரித்துப் பெண்கள் கிடப்பார்கள். ஒல்லி, குண்டு, தழும்பு, சுருக்கம் எதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டாம். மேலுடையின் கொக்கியைக் கழற்றிவிட்டுச் சீட்டாடலாம். எக்லே தன்னுடைய இன்னொரு நீச்சலுடையை இம்மாவுக்குக் கொடுத்தாள். இம்மா முட்டளவு தண்ணீரில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஆ" என்றாள். பிறகு கரையேறி எக்லேயின் துண்டில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

சுவருக்கு அப்பாலிருந்து கத்தேல்லோவின் குரல் வந்தது. "ஏட்டி! ஏட்டி இம்மா! என்ன செய்தே?"

"தூங்குறா! போய் உங்க வேலயப் பாருங்க!" என்று பெண்கள் பக்கம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

அதற்கு முன் அவரை யாரும் அப்படி விரட்டியதில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு லிவியோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். லிவியோ ஒரு பியர் பாட்டிலை நீட்டினார்.

புதன்கிழமை காலை நெரீனா சுருளோடு வந்து நின்றாள். "இன்னிக்குப் பாதாளக் குகை. நல்லாக் குளுகுளுன்னு இருக்கும்."

"நாளைக்கு" என்றாள் இம்மா, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே.

வியாழக்கிழமையும் "நாளைக்கு"தான். முதல் நாள் நெரீனாவுக்கு அழுகை வந்தது. எவ்வளவு யோசித்துப் போட்ட திட்டம்! ஒதுக்குப்புறமாகக் கூண்டின் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள். அதற்குள் டிக்கெட் வரிசையில் கலவரம். புதியவள் சில்லறை இல்லாமல் விழித்துக்கொண்டிருந்தாள். நெரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்திரி அந்தண்ட" என்று கூண்டில் ஏறி உட்கார்ந்தாள். விடுப்பில் இருப்பவள் வேலை பார்க்கக் கூடாதுதான். ஆனால் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராயிற்று.

அங்கிருந்து பார்த்தபோதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. சுருளில் அவள் எழுதிய சாப்பாடெல்லாம் இம்மாவின் முன்னால் தானாக வந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையாய் வருவதில்லை. ஒருத்தி வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மத்தி மீன் கொண்டுவருவாள். இன்னொருத்தி வெங்காயத்தோடு தாளித்து மசித்த உருளைக்கிழங்கு, வேறொருத்தி ஆப்பிளை மாவில் சுருட்டிச் சுட்ட ஆப்பிள் சுருட்டி. ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட பன்றித் தொடையை எக்லே மெல்லியதாகச் சீவி, அதன்மேல் இரண்டு இழை கிரென் வைத்து இம்மாவுக்கு ஊட்டிவிட்டாள். இம்மாவின் கண் விரிந்தது.

"இத ஏன் கடையில இப்படித் தரல?"

"தந்தாங்க. உங்க வீட்டுக்காரர்தான் மூட்டையா அள்ளிக் கொட்டினாரு" என்றாள் அங்கே வந்து நின்ற நெரீனா.

ஆண்கள் பக்கத்தில் கத்தேல்லோவும் சும்மா இல்லை. லிவியோ வீட்டிலிருந்து சின்ன ஸ்பிரிட் அடுப்பைக் கொண்டுவந்தார். கரையில் அடுப்பு மூட்டக் கூடாது என்று கூண்டிலேயே பலகை தொங்குகிறது. கூண்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வாரம் மட்டும் அந்தப் பக்கத்துப் புகை தெரியவில்லை. நேப்பிள்ஸ் குடுவையில் நேப்பிள்ஸ் தண்ணீர் கொதித்தது. வாசனை பிடித்துக்கொண்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

"எனக்குக் கிளாஸ்ல, நுரை கொஞ்சம்..." என்று தொடங்கினார் ஒருவர்.

"வே, இங்கன காபின்னா ஒரே காபிதான். குடிச்சா குடியும், இல்லன்னா கடல் கிடக்கு" என்றார் கத்தேல்லோ. எதிர்த்துப் பேசியவர்கள் இரண்டாம் கப்புக்கும் வரிசையில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் நேப்பிள்ஸிலிருந்து ஃபோர்த்தூனா போன் செய்தாள். கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் அன்றைக்கே சாப்பாட்டு வகைகளை உறுதி செய்யச் சொல்கிறாராம். இம்மா சுவரருகே போய், "ஏங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அந்தப் பக்கம் குடித்துக்கொண்டிருந்த, சீட்டாடிக்கொண்டிருந்த, குறட்டை விட்டுக்கொண்டிருந்த புருஷன்மார் எல்லாரும் ஒரேயடியாக, "என்ன?" என்றார்கள்.

சுவர் தண்ணீருக்குள் நெஞ்சளவு ஆழம்வரை போகும். புருஷன் பெண்டாட்டிக்குள் அவசரப் பேச்சு என்றால் அந்த முனைக்குப் போய், ஆளுக்கொரு பக்கம் நின்று பேசுவதுதான் வழக்கம். பேய்க்கணவாய் விற்றுப் பிழைத்தாலும் கத்தேல்லோவுக்கு நீச்சல் தெரியாது. சுவரைக் கட்டிப் பிடித்தபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார். பின்னாலிருந்து லிவியோ அவர் அரைக்கால் சட்டையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் இம்மாவும் நெரீனாவும்.

கத்தேல்லோ மூச்சு விடாமல் சொன்னார். "முதல்ல பச்ச மீனு. அப்புறம் நம்ம கணவா. அப்புறம் பொரிச்சது அஞ்சு வகை. பாஸ்தா ரெண்டு. சுட்ட மீனு. வயித்த ஆத்த எலுமிச்ச ஐஸு. அப்புறம் ஆட்டுக்கறி..."

"அதுக்கப்புறம் ரொட்டிக்குள்ள வச்சுச் சுட்ட பன்னித் தொட. கிரென் போட்டு" என்றாள் இம்மா.

"என்னது? என்னக் கொல்ல வந்த சாமான எம் மவ கல்யாணத்துல வைக்கணுமா? உனக்கென்ன கிறுக்கா?"

"சம்பந்தி வீட்டுச் சாப்பாடு ஒண்ணு பந்தியில இருக்கணுமா வேண்டாமா? அவுக வடக்கேருந்து வந்து நம்ம கணவாக் கால மட்டும் கடிச்சிட்டுப் போவாகளா?"

"கிரென் வந்தா நான் வரல!"

"வராட்டிப் போங்க! பொண்ண நானே கூட்டிட்டுப் போயி ஒப்படைக்கேன்!"

பெண்கள் பக்கம் எழுந்து நின்று கைதட்டியது. "தொட வேணும்! தொட வேணும்!" என்று எக்லே தொடங்கிவைக்க, கரை முழுவதும் பிடித்துக்கொண்டது. ஆண்கள் பக்கத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் மாலையில் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "வே, எனக்காக ஒருத்தனாவது பேசுங்கவே" என்று கத்தேல்லோ திரும்பிப் பார்த்து மன்றாடினார். நெரீனாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சம்பந்தம் தண்ணீரோடு போய்விடுமோ என்று, "தொடையெல்லாம் வேண்டாங்க, எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது லிவியோ, பிடித்த பிடியை விடாமல், பேசினார்.

"கிரென் தனித் தட்டுல."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நெரீனாவே கேட்டு நாளாகியிருந்தது. கத்தேல்லோ அலையில் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தார்.

"தனித் தட்டுன்னா... தூரத்துல?"

லிவியோ தலையசைத்தார்.

"மூடி போட்டு?"

மறுபடி தலையசைத்தார்.

"அப்பச் சரி" என்றார் கத்தேல்லோ.

சனிக்கிழமை தனீலோவும் ஃபோர்த்தூனாவும் வந்தார்கள், திங்கட்கிழமை பெரியவர்களை அழைத்துக்கொண்டு போவதற்காக. வீடு பூட்டியிருந்தது. கோட்டையில் இல்லை, காபிக்கடையில் இல்லை. கடைசியில் தனீலோ சந்தேகத்தோடு ஃபோர்த்தூனாவைக் கூட்டிக்கொண்டு குளியல்துறைக்கு வந்தான். கூண்டில் அம்மா. கூண்டுக்கு வெளியே ஈரத்தலையோடு மாமியார், தோலெல்லாம் சிவந்து மாமனார். மூவரும் அவனையே பார்த்தார்கள்.

"வாங்க, மாப்ள" என்றார் கத்தேல்லோ. "உணவுத் துறையும் கலாச்சாரப் பிரிவும் உமக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."

தனீலோவின் காது சிவந்தது. நெரீனா அவனைத் திட்டவில்லை. அவள் பார்த்த பார்வை மட்டும் அவனுக்குப் போதும். இம்மாதான் தீர்ப்புச் சொன்னாள்.

"மாப்ள, உங்கம்மா லீவுல இருக்கா. இன்னும் ஒரு நாள்கூட நிம்மதியாக் குளிக்கல. நீ ஏறி உக்காந்து டிக்கெட்டக் கிழி. ஃபோர்த்தூனாவக் கூட்டிக்கிட்டு நாங்க உள்ள போறோம்."

அவன் ஏறி உட்கார்ந்தான். சனிக்கிழமைக் கூட்டம். கூடையும் குடையுமாக வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. வந்தவளெல்லாம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "யாரு, நெரீனா மகனா? எப்பா, கடைசியா உன்னப் பாத்தப்ப இந்தப் பக்கம் அம்மணமா ஓடிட்டிருந்த!" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். அடுத்தவள் பையிலிருந்து ஆப்பிள் சுருட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "ஒல்லியாப் போயிட்டான்" என்று வரிசையின் கடைசியில் இருந்தவர்கள்கூட முடிவு செய்தார்கள். முதலில் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் கிழித்தவன், கொஞ்ச நேரத்தில் ஒரு தாயிடம், "இவனுக்குப் பதினொண்ணா? எனக்கே இவ்வளவு மீசை இல்லியே அக்கா" என்று சொல்வது உள்ளே கேட்டது. நெரீனா தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். சிரித்ததில் வாயில் உப்புத் தண்ணீர் போய்ப் புரையேறியது.

செப்டம்பரில் கல்யாணம் நன்றாக நடந்தது. பன்றித் தொடை இரவு ரயிலில் லிவியோவின் மடியில் போர்வைக்குள் பயணம் செய்தது. விருந்து மத்தியானம் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. நெரீனா கணவாய்ச் சாற்றை மூன்று கிளாஸ் வாங்கிக் குடித்தாள். அதை விடப் பெரிய மரியாதையைத் தனக்கு யாரும் செய்ததில்லை என்று கத்தேல்லோ ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

அடுத்த வருஷம் மே மாதம் இம்மா போன் செய்தாள். தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாளாம். பன்னிரண்டு பெண்கள் ஒரு வாரத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். புருஷன்மார் ஒருவரும் இல்லை. "நீங்கதான் ஏற்பாடெல்லாம் பண்ணணும் சம்பந்தியம்மா. கலாச்சாரம், சாப்பாடு எல்லாம்." பின்னால் கத்தேல்லோ, "என்ன மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீக?" என்று சத்தம் போடுவது கேட்டது.

நெரீனாவின் கை தானாகப் பென்சிலைத் தேடியது.

"திங்கட்கிழமை காலையில கோட்டைக்குப் போயிரலாம். பன்னெண்டு பேருன்னா முன்னாடியே சொல்லி வைக்கணும்."

"கோட்டைக்கெல்லாம் தனியாப் போவாண்டாம்" என்றாள் இம்மா. "வரும்போது ரயில் ஜன்னல்லேருந்து தெரியும்லா? அங்கன வச்சே பாத்துக்கிடுதோம்."